பவள மருந்து: நூற்று அறுபத்து மூன்று மில்லி

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ராயபுரம் கல்மண்டபத்தில் கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கும் ஜெபசிங்கின் கடை மாடியறையில் ஆறு பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் முதலாளி ஜெபசிங், வயது அறுபத்தொன்று. தலைக்கு மேல் சுவரில், துறைமுக வட்டார மதுவிலக்கு நேசர் சங்கத்தின் செயலாளர் அவர்தான் என்று சொல்லும் சட்டமிட்ட சான்றிதழ். அவருக்கு வலப்பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் மகள் ஜெஸ்லின். கொள்முதல் அவள் பொறுப்பு. கதவோரம் தன் மேசையில், பிரிண்டரை அணைத்தாற்போல் இஷ்ரத். ஒன்பது வருடமாகப் பில் போடுபவள். ஜன்னலோரச் சோபாவில் துப்பறியும் மலிகா, கைப்பை மடியில். சோபாவின் கைப்பிடியில், யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளன் ஜெரி.

உட்காராதவர் ஒருவர்தான். கிடங்குக் காவலர் அம்புரோஸ், வயது ஐம்பத்து மூன்று. அறை மூலையில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். குற்றவாளிகள் நிற்கும் விதம் அது என்று ஜெரிக்குத் தோன்றியது. பிறகு, தேவாலயத்தில் இடம் கிடைக்காதவர்களும் அப்படித்தான் நிற்பார்கள் என்றும் தோன்றியது.

தொட்டியையும் சேர்த்துக்கொண்டால் ஏழு. நூற்று இருபது லிட்டர் கடல் தண்ணீர், ஐந்தாறு பாறைகள், பாறைகளில் மெது பவளங்கள், இரண்டு ஆரஞ்சு மீன்கள். கல் பவளம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதால் ஜெபசிங் மெது பவளமாகவே வாங்கி, வாங்கிய பில்லை லேமினேட் செய்து தொட்டிக்கு மேலேயே ஒட்டியிருந்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆனால் பவளங்கள்தான் ஒழுங்காக இல்லை. போன மாதம் ஊதாவும் பச்சையுமாக விரிந்து கிடந்தவை, இப்போது ஊறவைத்த அவல் நிறத்தில் சுருங்கிக் கிடந்தன. தண்ணீர் அரிசி களைந்ததுபோல் வெளுத்திருந்தது.

"விஷம் வச்சிருக்கான்" என்றார் ஜெபசிங். நாற்பது வருட ராயபுரம் அவருடைய தூத்துக்குடிப் பேச்சில் ஒரு கீறல்கூடப் போட்டிருக்கவில்லை. "அதுல சந்தேகமே கெடையாது. என் கண்ணால பாக்கல, அம்புட்டுதான். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்."

"கண்ணால பாக்கல, ஆனா சந்தேகமும் இல்ல" என்றான் ஜெரி. "எங்க பொழப்பே இதுலதான் ஓடிகினு கீது நைனா."

"ஜெரி" என்றார் மலிகா.

அந்த ஒரு சொல்லுக்கு நாலைந்து அர்த்தம் உண்டு. இந்த முறை 'வாயை மூடு'. ஜெரி மூடினான். நாற்பத்திரண்டு வயதில், ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். மலிகா அதற்கு முன்பு இருபது வருடம் துறைமுகத்தில் நனைந்த சரக்கு, உடைந்த சரக்கு, காணாமல் போன சரக்கு என்று சேதம் மதிப்பிட்டவர். எல்லாச் சேதத்திலும் முதலில் பார்க்க வேண்டியது யார் அழுகிறார் என்பதல்ல, எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் என்று சொல்வார்.

"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

ஜெபசிங் சொன்னார். அம்புரோஸ் மீன்களுக்குப் பாசம் மிகுதியில் தீனியை அள்ளிப் போட்டதில், போன மாதம் தொட்டியில் பச்சைப் பாசி முடிபோல் வளர்ந்துவிட்டது. கொளத்தூரிலிருந்து மீன் தொட்டி பார்க்கும் நோயல் வந்தான். தண்ணீரைச் சோதித்துவிட்டு, மீன் கழிவும் மிச்சத் தீனியும் சேர்ந்து நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் ஏறிக் கிடக்கின்றன, தண்ணீருக்குச் சத்து மிஞ்சிவிட்டது என்றான். மருந்தும் சொன்னான். அந்த மருந்தின் பெயரைச் சொல்லும்போது ஜெபசிங் தலைக்கு மேலிருந்த சான்றிதழைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

"ஓட்கா."

ஜெரி மூடிய வாயைத் திறந்தான். மலிகா அவனைப் பார்த்தார். மறுபடி மூடினான்.

"தெனமும் ஒரு மில்லி. அத ஊத்துனா தண்ணிக்குள்ள இருக்க நல்ல கிருமி பெருகுமாம். அந்தக் கிருமி நைட்ரேட்டயும் பாஸ்பேட்டயும் தின்னுருமாம். அவனே ஒரு குவார்ட்டர் பாட்டில் கொண்டாந்து வச்சுட்டு, மீனுக்குத் தீனி போடுற அம்புரோஸையே ஊத்தச் சொல்லிட்டுப் போயிட்டான். நான் லேபிளச் சொரண்டிட்டேன்."

தொட்டிக்குக் கீழே இருந்த சிறு அலமாரியின் கதவை மலிகா திறந்தார். பூட்டு கிடையாது. உள்ளே, நட்டநடுவில், நூற்றெண்பது மில்லி பாட்டில். அதன் மேல் பச்சை மையில், அழகான கையெழுத்தில்: 'பவள மருந்து. வெளி உபயோகத்துக்கு மட்டும்.' பச்சை மையில் எழுத ஜெபசிங்குக்கு அரசாங்கம் எந்த அதிகாரமும் கொடுத்ததில்லை. ஆனாலும் முப்பது வருடமாக எழுதிவருகிறார்.

பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நாளொன்றுக்கு ஒரு வரி. தேதி, '1 மில்லி', ஒரு டிக். இருபத்தெட்டு டிக். எல்லாம் அம்புரோஸ் கை.

மலிகா கைப்பையிலிருந்து கண்ணாடி அளவுக் குழாயை எடுத்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பதினேழு."

"பாத்தியளா" என்றார் ஜெபசிங். "இருபத்தெட்டு போனா நூத்தம்பத்திரண்டு இருக்கணும். பதினேழுதான் இருக்கு. மிச்சம் நூத்தி முப்பத்தஞ்சு எங்க போச்சு? குடிச்சிருக்கான். குடிச்ச மப்புல தொட்டியில என்னத்தையோ கொட்டியிருக்கான்."

"நான் குடிக்கல மொதலாளி" என்றார் அம்புரோஸ். காலையிலிருந்து அது ஐந்தாவது தடவை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இதில் பவளம் போனால் போகட்டும் என்று விட முடியாத ஒரு விஷயம் இருந்தது. அது மேசை மேல் மூன்று துண்டாகக் கிடந்தது. ஒன்று, காத்திவாக்கம் முகவரி எழுதிய காலி உறை. மற்ற இரண்டும் கடிதங்கள். அம்புரோஸின் மனைவி அடைக்கலமேரி போன வருடம் அவரை வீட்டைவிட்டு வெளியே நிறுத்தியபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: ஒரு வருடம் முழுக்கத் தொடாமல் இருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியாகச் சங்கத்தின் கடிதம் முத்திரையோடு தபாலில் வர வேண்டும். போனில் சொல்வதையெல்லாம் அவள் பதினோரு தடவை நம்பி முடித்திருந்தாள். நாளையோடு வருடம் முடிகிறது. மேசை மேலிருந்த முதல் கடிதம் 'உறுதி காத்தார்' என்றது. இரண்டாவது 'தவறினார்' என்றது. இரண்டிலும் கையெழுத்து இல்லை. ஸ்பீட் போஸ்ட் கவுண்டர் மூன்று மணி வரை.

"ஒரு வருஷமா கெடங்குலதான் படுத்துகினு கீறேன்" என்றார் அம்புரோஸ், யாரையும் பார்க்காமல். "கயிறு மூட்டை மேல."

கீழே கண்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு போனது.

"ஜெரி, மூணு மேசையையும் சுத்திப் பாரு. திரவம் எடுக்கிற மாதிரி, ஊத்துற மாதிரி, மோந்து பாக்கிற மாதிரி என்ன இருந்தாலும் சொல்லு. எதையும் தொடாதே."

ஜெரி ஒரு சுற்று வந்தான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்ப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பெரியவர் மேஜைல மை ஊத்துற ஃபில்லர் ரெண்டு. ஒண்ணு பச்சையா கீது. இன்னொண்ணு மையையே பாத்ததில்ல, பளபளன்னு கீது. ஜெஸ்லின் மேடம் மேஜைல சானிடைசர் பாட்டில், காலி. பக்கத்துலயே புதுசு ஒண்ணு, அதுவும் பாதி காலி. கொரோனா போயி எவ்ளோ நாளாச்சு, இவங்களுக்கு யாரும் சொல்லல போல. இஷ்ரத் மேடம் பேனா ஸ்டாண்டுல குழந்தைக்குச் சொட்டு மருந்து குடுக்கற டிராப்பர், டிஷ்யூல சுத்தி."

"என் அக்கா மகனோடது" என்றாள் இஷ்ரத், யாரும் கேட்காமலே.

"அவனுக்கு எத்தன வயசு?"

"பதினாலு."

ஜெரி மலிகாவைப் பார்த்தான். மலிகா எதுவும் கேட்காததுபோல் கைப்பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அன்று காலை ஜெரியைக் கொளத்தூருக்கு ஓட்டி வாங்கிவரச் செய்த சோதனைப் பெட்டி. சின்னக் கண்ணாடிக் குப்பிகள், சொட்டு மருந்துகள், நிறம் ஒப்பிட ஒரு அட்டை.

"விஷத்தையா பாக்கப் போறிய?" என்றார் ஜெபசிங் ஆவலாக.

"இல்ல. சாப்பாட்டைப் பாக்கப் போறேன்."

தொட்டித் தண்ணீரை இரண்டு குப்பிகளில் எடுத்தார். மூன்றாவது குப்பியில், அறைக் குழாயிலிருந்து போர் தண்ணீர். சொட்டுகளை எண்ணி விட்டார். குலுக்கினார். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றார். ஆறு பேர் மூன்று குப்பிகளைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருப்பது சாதாரண வேலையல்ல. நாலாவது நிமிடத்தில் இஷ்ரத் பிரிண்டருக்குத் தேவையில்லாமல் பேப்பர் வைத்தாள். ஆறாவது நிமிடத்தில் ஜெஸ்லின் சானிடைசரை எடுத்து, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

பத்தாவது நிமிடத்தில் போர் தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டிருந்தது. தொட்டித் தண்ணீர் இரண்டும் கொஞ்சமும் நிறம் மாறவில்லை.

"நைட்ரேட் இருந்தா ரோஸ் கலர். பாஸ்பேட் இருந்தா நீலம்" என்றார் மலிகா. "நாம கை கழுவுற தண்ணியில கூட நைட்ரேட் இருக்கு. இந்தத் தொட்டியில ரெண்டுமே பூஜ்யம்."

"அப்ப தண்ணி சுத்தம்" என்றார் ஜெபசிங், ஏமாற்றத்தோடு.

"அதான் பிரச்னை. இவ்ளோ சுத்தமா இருக்கக் கூடாது." கீழே குனிந்து, அலமாரிக் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். உள்சுவரில் நோயல் ஒட்டிவிட்டுப் போன தாள் இருந்தது. மேலே பெரிய எழுத்தில், தினம் ஒரு மில்லி. கீழே இன்னும் சில வரிகள். பாட்டில் நின்ற இடத்துக்குச் சரியாகப் பின்னால். இப்போது பாட்டில் இல்லாததால் தெரிந்தன. "ஜெரி, படி."

"'நைட்ரேட் அஞ்சுலேந்து பத்து இருக்கலாம். பாஸ்பேட்டும் துளி இருக்கணும். ரெண்டும் பூஜ்யம் ஆகவே கூடாது. ஆயிட்டா பவளம் பட்டினில வெளுத்துப்பூடும். வாராவாரம் டெஸ்ட் பண்ணவும்.' அடிக்கோடு வேற போட்டு கீறான் பாவம்." ஜெரி நிமிர்ந்தான். "பாட்டிலைத் தூக்கினவன் எவனும் இதைப் படிக்கல பாருக்கா."

"திருட்டுத்தனமாத் தூக்குறவங்க படிக்க மாட்டாங்க" என்றார் மலிகா.

ஜெபசிங்கின் நாற்காலி சுழலாமல் நின்றது.

"விஷயம் இதான். பவளத்துக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும். மீன் கழிவுல வர்ற அந்தக் கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் அதுக்குச் சோறு. மிஞ்சினாப் பாசி, இல்லாமப் போனாப் பட்டினி. இங்க ஓட்கா அளவுக்கு மேல போய், கிருமி ஏகத்துக்கும் பெருகி, இருந்த சோத்தையெல்லாம் காலி பண்ணிடுச்சு. தண்ணி வெளுத்திருக்கிறது அந்தக் கிருமிக் கூட்டம்தான். விஷம் எதுவும் இல்ல."

"அப்பா" என்றாள் ஜெஸ்லின் மெதுவாக.

"இரு. அப்படின்னா..." ஜெபசிங் நெற்றியைத் தடவினார்.

"அப்படின்னா அந்த நூத்தி முப்பத்தஞ்சு மில்லி யார் வயித்துக்குள்ளயும் போகல. தொட்டிக்குள்ள போயிருக்கு. அம்புரோஸ் அண்ணன் அதைக் குடிச்சிருந்தார்னா, தொட்டியில நைட்ரேட் இப்படித் துடைச்சு எடுத்த மாதிரி போயிருக்காது."

"பவளம் பட்டினி கெடந்து சாட்சி சொல்லுது" என்றான் ஜெரி. "வாய்தா வாங்காத சாட்சி."

அம்புரோஸ் முதல் முறையாகக் கைகளை முன்னால் கொண்டுவந்தார். ஆனால் ஜெபசிங் கோப்புகளோடு வாழ்ந்தவர். அவ்வளவு சீக்கிரம் விட மாட்டார்.

"சரி. குடிக்கல. ஆனா அளவுக்கு மீறி ஊத்துனது இவன்தான? நோட்டுல ஒண்ணுன்னு எழுதிட்டு ஆறு ஊத்தியிருக்கான். பொய்க் கணக்கு. உறுதிமொழியில என்ன கையெழுத்துப் போட்டான்? 'தொட மாட்டேன், சுவைக்க மாட்டேன், ஊற்றித் தர மாட்டேன்.' நான்தான் எழுதுனேன்."

"அதையே நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் மலிகா. அலமாரிக்குள் கையை விட்டு, நோட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். ஊசியில்லாத சிரிஞ்ச். ஒரு மில்லிக்குக் கோடு போட்டது. நோயல் மருந்து ஊற்றுவதற்காக வைத்துவிட்டுப் போனது. அதைச் சுற்றியிருந்த பேப்பர் உறை கிழிக்கப்படவே இல்லை. "அண்ணே, எதால ஊத்துனீங்க?"

அம்புரோஸ் சிரிஞ்சைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"ஊத்தவே இல்ல மொதலாளி. தொட மாட்டேன்னு கையெழுத்து போட்டுட்டு எப்படித் தொடுவேன். அந்தப் பாட்டிலை நான் நகத்தினதுகூட இல்ல."

"அப்ப டிக்?"

"மொத வாரமே பாட்டில் கொறைய ஆரம்பிச்சுட்ச்சு. யாரோ நம்மளுக்காக ஊத்திகினு கீறாங்க, நல்ல மனசுன்னு நெனச்சேன். நான் ஊத்தலன்னு நோட்டுல எழுதினா, அப்ப யாரு ஊத்தினதுன்னு கேப்பீங்க. அவங்களுக்கு அசிங்கமாப் பூடும். அதான் டிக் போட்டேன்."

மலிகா மூன்று மேசைகளையும் ஒருமுறை பார்த்தார். மூன்று மேசைகளிலும் கண்கள் ஒரே சமயத்தில் தாழ்ந்தன. ஜெரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு திருடனைத் தேடி வந்த இடத்தில் மூன்று நல்லவர்கள் சிக்கியிருக்கிறார்கள்.

"ஐயா, உங்க சங்கத்துல தேர்தல் எப்படி நடத்துவீங்க?" என்றார் மலிகா.

"சீட்டு எழுதிப் போடுவோம்."

"அதேதான். ஆளுக்கு ஒரு சீட்டு. பேர் வேணாம். இந்தப் பாட்டில்லேருந்து தொட்டிக்குள்ள உங்க கையால மொத்தம் எத்தன மில்லி போச்சுன்னு மட்டும் எழுதுங்க. நோயல் வந்துபோன மறுநாள்லேருந்து இருபத்தேழு நாள். மடிச்சு ஜெரிகிட்ட குடுங்க."

"வாழ்க்கைல மொத தடவையா தேர்தல் அதிகாரி ஆகியிருக்கேன்" என்ற ஜெரி தொப்பியைக் கழற்றி நீட்டினான்.

நான்கு சீட்டுகள் விழுந்தன. ஜெபசிங் எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டார். பரிட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடுவானோ என்பதுபோல. ஜெரி ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"பூஜ்யம்." அம்புரோஸ் தலையாட்டினார்.

"இருபத்தேழு." டிஷ்யூவில் சுற்றிய டிராப்பர் பேனா ஸ்டாண்டில் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததுபோல் இருந்தது.

"எண்பத்தொண்ணு. ஒரு நாளைக்கு மூணு. கை ஜாஸ்தி."

"சீக்கிரம் பாட்டில் காலியானா இந்தத் தொல்லை தீரும்னு..." ஜெஸ்லின் பேர் இல்லாத சீட்டுக்குத் தானே பேர் போட்டாள். "மூடியில பாதி. அளந்துதான் ஊத்துனேன். அம்புரோஸ் அண்ணன் அந்தப் பாட்டிலைத் தினம் பாத்துக்கிட்டு நிக்கணும்னா எப்படி? அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் இதைத் தொட்டேன்னு வருத்தப்படுவார். அதான் கையைக் கழுவிக்கிட்டே இருந்தேன்."

"அம்பத்தி நாலு" என்று கடைசிச் சீட்டைப் படித்தான் ஜெரி. "பேர் இல்ல. பச்சை மை."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அந்த அறையின் மரியாதை. மதுவிலக்கு நேசர் சங்கத்தின் செயலாளர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுவரில் அவர் பேர் தொங்கியது.

"ரெண்டு ஃபில்லர்" என்றார் கடைசியில். "ஒரு மில்லி போதுமோ போதாதோன்னு. உறுதி எடுத்தவன் கையில இதக் கொடுக்க முடியுமா? அவன் கை நடுங்குமே. அதான் நானே காலைல எல்லாரும் வர முன்ன... பாட்டில் இம்புட்டு வேகமாக் கொறஞ்சதும் இவனேதான் குடிக்கான்னு நெனச்சுட்டேன்."

"நானும் அப்படித்தான் சார் நெனச்சேன்" என்றாள் இஷ்ரத். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "சிரிஞ்ச் பிரிக்காம இருக்கிறதைப் பாத்துட்டுத்தான் நான் ஊத்த ஆரம்பிச்சதே. எங்க வூட்ல தெரிஞ்சா என்ன ஆகும்? ஆனா நான் ஒண்ணுதானே ஊத்துறேன், மிச்சம் எங்க போகுதுன்னு பாத்தா..."

"மூணு பேரும் ஒரே ஆளைக் காப்பாத்தினீங்க" என்றார் மலிகா. "மூணு பேரும் அதே ஆளைச் சந்தேகப்பட்டீங்க. அவர் உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு டிக் போட்டார். தொட்டியில மட்டும் யாரும் ஒரு டெஸ்ட் பண்ணல."

ஜெரி அதற்குள் சீட்டுகளின் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தான். கூட்டி முடித்ததும் அவன் முகம் மாறியது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் மலிகாவிடம் வேலை பார்ப்பவன் அதைச் செய்ய முடியாது.

"அக்கா, ஒண்ணு ஒதைக்குது."

"சொல்லு."

"இருபத்தேழு, எண்பத்தொண்ணு, அம்பத்தி நாலு. நூத்தி அறுபத்தி ரெண்டு. நூத்தி எண்பதுல கழிச்சா பதினெட்டு இருக்கணும். கீறது பதினேழு."

ஒரு மில்லி. பாட்டில் மூடியின் அடியை நனைக்கும் அளவு. ஆனால் உறுதிமொழியில் 'ஒரு மில்லிக்கு மேல் தொட மாட்டேன்' என்று எழுதியிருக்கவில்லை. ஜெபசிங்கின் பார்வை, அவருக்கே பிடிக்காமல், அம்புரோஸ் பக்கம் திரும்பியது. ஜெஸ்லினின் பார்வையும். இஷ்ரத்தினுடையதும். மூவரும் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் வெட்கப்பட்டு முடித்திருந்தார்கள்.

"ஆவியாப் போயிருக்கும்" என்றாள் ஜெஸ்லின், தானே நம்பாமல்.

அம்புரோஸ் ஏதோ சொல்ல வந்தார். மலிகா கையை உயர்த்தினார். "நீங்க சொல்ல வேணாம் அண்ணே. நீங்க சொன்னா இவங்க நம்பணும். நம்பறது இவங்களுக்குக் கஷ்டமா இருக்கு." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "நோட்டுல இருபத்தெட்டு டிக். நான் இருபத்தேழு நாளைக்குத்தானே கேட்டேன். மொத நாள் மிச்சம் இருக்கு."

நோயலின் குரல் பைக் சத்தத்துக்கு நடுவே வந்தது. "சொல்லுங்க மேடம்."

"கல்மண்டபம் தொட்டி. மொத நாள் நீங்க மருந்து ஊத்துனீங்களா?"

"ஆமா மேடம். எப்படி ஊத்தணும்னு அந்த அண்ணனுக்கு ஒரு தடவ காட்டினேன். ஒரு மில்லி. என் பைல இருந்த சிரிஞ்சால. அவரு கைய பின்னால கட்டிகினு ரெண்டடி தள்ளி நின்னு பாத்தாரு, பக்கத்துல வாங்கன்னா வரல. ஏன் மேடம், பவளம் நல்லாக் கீதா?"

"பட்டினி கிடக்கு. இனி என்ன செய்யணும்?"

"ஐயய்யோ. ஓட்காவ நிறுத்திடுங்க. மீனுக்குத் தீனி கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்க. நைட்ரேட் மெதுவா ஏறி அஞ்சு கிட்ட வரணும். ஒரேயடியா ஏத்தக் கூடாது. வாரத்துக்கு ஒரு டெஸ்ட். முக்கால்வாசி தேறிடும் மேடம். நா சாயங்காலம் வர்றேன்."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஆரஞ்சு மீன்களில் ஒன்று கண்ணாடிக்கு வந்து அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"பதினேழு மில்லி மிச்சம் கீதே" என்றான் ஜெரி. "இங்க கீறவங்க யாரும் தொடக் கூடாது. நான் எந்தச் சங்கத்துலயும் கையெழுத்துப் போடல. பொது நலன் கருதி..."

"ஜெரி."

இந்த முறை அர்த்தம் 'வாஷ்பேசின்'. ஜெரி அளவுக் குழாயை வாஷ்பேசினில் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு விழும்வரை துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றான்.

ஜெபசிங் மேசை மேலிருந்த இரண்டு கடிதங்களையும் எடுத்துக் கிழித்தார். 'தவறினார்' கடிதத்தைக் கிழித்தது எல்லோருக்கும் புரிந்தது. 'உறுதி காத்தார்' கடிதத்தையும் ஏன் கிழித்தார் என்று மகள் கேட்டாள்.

"அது அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. அந்தம்மா நம்பாது" என்றவர், சங்கத்தின் தாள் ஒன்றை எடுத்து, பேனாவுக்கு மை நிரப்பினார், பச்சைக் கறை படிந்த ஃபில்லரால். கால் மணி நேரம் எழுதினார். ஒரு இடத்தில் மட்டும் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது. முடித்ததும் தாளை மலிகாவிடம் நீட்டினார். மலிகாவின் தோளுக்கு மேலாக ஜெரி படித்தான்.

'அன்புள்ள சகோதரி அடைக்கலமேரி அவர்களுக்கு. தங்கள் கணவர் திரு. அம்புரோஸ் ஒரு வருட உறுதிமொழியை முழுமையாகக் காத்துள்ளார் என்று சான்றளிக்கிறேன். இது வழக்கமான சான்று அல்ல. எங்கள் அலுவலகத்தில் மீன் தொட்டியின் மருந்தாக ஒரு மது பாட்டில் இருபத்தெட்டு நாள் இருந்தது. அதைக் கையாண்டவர்கள்: நான், ஐம்பத்து நான்கு மில்லி, என் மகள், எண்பத்தொன்று, எங்கள் பில் பிரிவு ஊழியர், இருபத்தேழு, மீன் தொட்டிக்காரர், ஒன்று. மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. இந்த அறையில் அதைத் தொடாதவர் தங்கள் கணவர் ஒருவரே. அவரைச் சந்தேகித்தவர்களும் நாங்களே. இப்படிக்கு, செயலாளர்.'

"இத அனுப்புனா, அடுத்த செயலாளர் தேர்தல்ல உங்களுக்கு ஓட்டு விழாது நைனா" என்றான் ஜெரி.

"விழாதுதான்" என்றார் ஜெபசிங். "ஒட்டும் முன்ன இன்னொரு தரம் படிச்சுப் பாத்துக்கிடுங்க, கூட்டல் சரியா இருக்கான்னு."

கூட்டல் சரியாக இருந்தது. இஷ்ரத் உறையை ஒட்டினாள். ஜெஸ்லின் மெழுகுவத்தியைப் பிடிக்க, அரக்கு உருகி விழுந்தது. ஜெபசிங் சங்கத்தின் பித்தளை முத்திரையை அழுத்தி, பத்து வரை எண்ணி எடுத்தார். அம்புரோஸிடம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"என் கையால போச்சுன்னா நானே எழுதிகினேன்னு சொல்லும். தபால்ல வரணும்னுதான் சொல்லிச்சு."

ஜெரிதான் எடுத்துக்கொண்டு போனான். அம்புரோஸ் பின்னால், பைக்கில், உறையைத் தொடாமல் உட்கார்ந்துவந்தார். ராயபுரம் தபால் நிலையத்தில் மணி இரண்டு ஐம்பது. கவுண்டர் பெண் உறையை எடை போட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, ரசீதைக் கிழித்தாள்.

"எப்ப போய்ச் சேரும்மா?" என்று கேட்டார் அம்புரோஸ்.

"காத்திவாக்கம்தானே, நாளைக்கு."

அம்புரோஸ் அந்த உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நாளைக்குக் காலைல மீனுக்குத் தீனி போட்டுட்டே கெளம்பலாம்" என்றார். "கொஞ்சம் கூட்டிப் போடச் சொன்னாரே."

கவுண்டர் பெண் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையை மற்ற கடிதங்களோடு சாக்குப்பைக்குள் தள்ளினாள்.